இரண்டாவது கோலி

"பொடியனுக்கு ஒரு அறை, மூண்டு நேரச் சாப்பாடு. பங்குனி வரைக்கும்தான். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்," என்றான் நிர்மலன், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி.

மனோகரி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "எந்தப் பொடியன்?"

"ஹொக்கிப் பொடியன்."

சென்ட் லோரன்ட்டில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நிர்மலனுக்குப் பக்கத்து மெஷினில் நிற்பவள் கத்தரின். வேலை முடிந்த பிறகு அவள் பியர்பொன்ட்ஸ் ஜூனியர் ஐஸ் ஹொக்கி ரீமின் மனேஜர். பஸ் பிடிப்பது, உடுப்புத் தோய்ப்பிப்பது, பொடியன்களுக்குத் தங்க இடம் தேடுவது எல்லாம் அவள் தலையில். தூரத்து ஊர்களிலிருந்து விளையாட வரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பொடியன்களை, விளையாட்டுப் பருவம் முடியும்வரை இங்கே யாராவது ஒரு குடும்பம் வீட்டில் வைத்துப் பார்க்கும். 2006 ஆவணியில் ஒருவனுக்கு மட்டும் வீடு அகப்படவில்லை. நிர்மலனின் தம்பி ரொறன்ரோவுக்கு மாறிப் போனதிலிருந்து இவர்களுடைய பேஸ்மென்ற் அறை சும்மா கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் கத்தரின் கேட்டாள். இவன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

"இப்ப கேக்கிறன்தானே."

மனோகரிக்குக் கோபம் வந்தது. ஆனால் அது கோழிக்கறி கொதிக்கும்வரைகூட நிற்கவில்லை. மொன்றியலுக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் ஒரு கியூபெக் வீட்டின் சமையலறைக்குள் அவள் போனதில்லை. அவர்கள் காலையில் எழும்பியதும் முதல் என்ன செய்வார்கள், தாயோடு எப்படிச் சண்டை பிடிப்பார்கள், கவலை வந்தால் சாப்பிடுவார்களா மாட்டார்களா, எதுவும் தெரியாது. இப்போது ஒருவன் தானாகவே தன் வீட்டுக்குள் வரப் போகிறான்.

"மீன் சாப்பிடுவானோ?" என்று கேட்டாள்.

"மதலேன் தீவுப் பொடியனாம். தகப்பன் மீன்பிடிக்கிறவர். சாப்பிடாமல் இருப்பானோ?"

எத்தியேன் வந்திறங்கியபோது வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். ஆறடிக்கு மேல் உயரம், செம்பட்டை முடி. குளிர்ப்பெட்டி அளவுக்கு ஒரு பையை இழுத்து வந்தான். அந்தப் பைக்குள்ளிருந்து வந்த வேர்வை நாற்றம் அன்று பேஸ்மென்றில் இறங்கியது. பங்குனி வரைக்கும் போகவில்லை. முதல் நாள் மனோகரி விளைமீன் குழம்பு வைத்திருந்தாள். அவன் கோப்பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், காது சிவந்தது.

"நான் மீன் பிடிப்பேன், மதாம். சாப்பிட மாட்டேன்," என்றான் பிரெஞ்சில்.

மனோகரிக்கு அது பிடித்திருந்தது. தீவான், மீன் தின்னாதவன். அவளுடைய கணக்கு முதல் நாளே பிழைத்துவிட்டது. இன்னும் எத்தனை பிழைக்குமோ என்று பார்க்கும் ஆவல் அவளுக்கு வந்தது.

அவளுடைய பிரெஞ்சு ஒரு மாதிரியான பிரெஞ்சு. வீட்டுக்குக் கிட்டவிருந்த ஒரு கார்தெரியில், சிறுபிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை அவளுக்கு. அந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் மொழி முழுவதையும் பிடித்திருந்தாள். ஆகவே வீட்டுக்குள் வந்த இந்த மலைபோன்ற பொடியனிடம், "முயல்குட்டி, முதல் கை கழுவுவோமா? பிறகு சப்பாத்தைத் தன் இடத்தில் நித்திரைக்கு வைப்போமா?" என்றுதான் அவளால் கேட்க முடிந்தது. ஆறாம் வகுப்பில் படிக்கும் மகள் மேனுகா வெட்கத்தில் மேசைக்குக் கீழே போய்விட்டாள். எத்தியேன் போய்ச் சப்பாத்தை எடுத்து நேராக வைத்தான்.

அந்த வீட்டில் ரெலிபோன் அடித்தால் மனோகரி ஓடுவாள் என்பதையும் அவன் முதல் கிழமையிலேயே கண்டுகொண்டான். அடுப்பில் எது கருகினாலும் ஓடுவாள். ஒருநாள் படியில் கால் இடறி விழுந்து, எழும்பி, மறுபடி ஓடினாள். அழைத்தவன் கம்பளம் சுத்தம் செய்யும் கொம்பனிக்காரன். எத்தியேன் மேனுகாவிடம் கேட்டிருக்கிறான். மேனுகா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்: அம்மாவின் தங்கை சுதாஜினி இலங்கையில் மூதூரில் இருந்தவர், அங்கே சண்டை தொடங்கி எல்லாரும் வீட்டைவிட்டு ஓடினார்கள், சித்தி, சித்தப்பா, மூன்று பிள்ளைகள். வாகரைக்குப் போனதாக ஒருவர் சொன்னார், அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

அவன் அதைப் பற்றி மனோகரியிடம் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் மட்ச் புரட்டாதியில், ஒரு ஞாயிறு பின்னேரம். நிர்மலன் வரவில்லை. "வெளியில இன்னும் குளிர் வரேல்லை, அதுக்குள்ள காசு குடுத்துக் குளிரைத் தேடிப் போறதோ?" என்று சொல்லிக் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டான். மனோகரி ஒரு போர்வையையும் மேனுகாவையும் எடுத்துக்கொண்டு அரீனாவுக்குப் போனாள். மர வாங்குகள், பொரித்த உருளைக்கிழங்கு மணம், ஊதுகுழல் சத்தம். பொடியன்கள் பலகைச் சுவரில் மோதிய ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நெஞ்சு திடுக்கிட்டது. வீட்டிலிருந்து ஆசையாகப் பார்க்க வந்த ஆளோ விளையாடவே இல்லை. தொப்பி போட்டுக்கொண்டு வாங்கின் ஓரத்தில் நின்று, மற்றவர்கள் உள்ளே போகவும் வரவும் சின்னக் கதவைத் திறந்து திறந்து மூடினான்.

"இவன் ஏன் விளையாடேல்லை?"

"அவர் ரெண்டாவது கோலி அம்மா. கோல் காக்கிறது லூக். லூக்குக்கு ஏதும் நடந்தால்தான் இவர் போவார்."

"அப்ப மற்றப் பிள்ளைக்குக் கால் முறியுமோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறதோ இவன்ரை வேலை?"

"அம்மா!"

பின்னால் இருந்த கத்தரின் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பக் எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்று மனோகரி முறையிட்டாள். அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு இலையான்போல் பறந்தது. அவள் கண்டுபிடிப்பதற்குள் எல்லாரும் கத்தினார்கள். "பக்கைத் தேடாதே," என்றாள் கத்தரின். "கோலியைப் பார். அவன் எந்தப் பக்கம் திரும்புகிறானோ பக் அந்தப் பக்கம்."

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பழக்கம். மற்றவர்கள் எல்லாரும் ஓட்டத்தைப் பார்க்க, மனோகரி அசையாத ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்கக் கேள்விகள் கூடின. லூக் ஏன் அடிக்கடி கையிலிருந்த தடியால் இரண்டு பக்கக் கோல் கம்பத்தையும் தட்டுகிறான்? யாரையாவது கும்பிடுகிறானா?

அடுத்த நாள் பிட்டும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்த எத்தியேனிடம் கேட்டாள். அவன் பிட்டைக் கரண்டியால் கோபுரமாகக் கட்டிப் பிறகு உடைத்துச் சாப்பிடுகிறவன்.

"கோல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, மதாம் மனோ. திரும்பிப் பார்க்க நேரமில்லை. தட்டிப் பார்த்தால்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியும்."

"லூக் விழ வேண்டுமென்று உனக்கு ஆசையா?"

மேனுகா வாய்க்குள் வைத்த கரண்டியை எடுக்க மறந்தாள். எத்தியேன் நேரமெடுத்து யோசித்தான். "சில நாட்களில்," என்றான். பிறகு, "கால் முறிய வேண்டாம். காய்ச்சல் போதும்."

கார்த்திகையில் லூக்குக்கு முழங்கால் பிசகியது. பனி கொட்டத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்ய் ரீமோடு மட்ச். எத்தியேன் முதல்முறை கோலுக்குள் நின்றான். எதிர் ரீம் எட்டுக் கோல் போட்டது. ஐந்தாவதுக்குப் பிறகு லொங்குய்ய் சனம் அவன் பெயரைச் சொல்லிப் பாட்டுப் படித்தது. மனோகரிக்கு வசைச்சொற்கள் முழுக்க விளங்கவில்லை. கார்தெரியில் அவை கற்றுத் தருவதில்லை.

வீட்டுக்கு வந்தவன் கோட்டைக் கழற்றாமல் சமையலறைக் கதிரையில் இருந்தான். ஆறுதல் சொல்ல அவளிடம் பெரியவர்களின் பிரெஞ்சு இல்லை. இருந்ததை எடுத்தாள்.

"எங்கே நோகிறது, முயல்குட்டி? இங்கேயா? அங்கேயா? ஊதிவிடட்டுமா?"

எத்தியேன் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். மேனுகா மேல்மாடியிலிருந்து என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். அதில் கொஞ்சம் அழுகையும் கலந்திருக்கலாம். அவன் ஓய்ந்த பிறகு மனோகரி தேநீரை வைத்துவிட்டு, பல நாளாக மனதுக்குள் கிடந்ததைக் கேட்டாள்.

"பக் அந்தக் கோடியில் இருக்கும்போது நீ என்ன செய்வாய்? எல்லாரும் அங்கே நிற்கிறார்கள். நீ மட்டும் இங்கே. என்ன யோசிப்பாய்?"

"இதுவரை யாரும் கேட்டதில்லை," என்றான். தேநீரைக் குடித்துவிட்டுக் கீழே போய்விட்டான்.

அவள் அதை விளையாட்டுக்காக மட்டும் கேட்கவில்லை. எட்டாத தூரத்தில் எல்லாம் நடந்துகொண்டிருக்க, ஒன்றும் செய்ய வழியில்லாமல் முழித்துக்கொண்டு நிற்பது எப்படி என்று யாராவது தெரிந்தவர் சொன்னால் கேட்க விரும்பினாள். வாகரைப் பக்கம் ஷெல் விழுகிறதென்று வானொலியில் கேட்டுவிட்டு, கார்தெரியில் பிள்ளைகளுக்கு வண்ணத்துப்பூச்சி ஒட்டிக் கொடுக்கப் போகிறவள் அவள்.

மார்கழியில் எத்தியேன் தேறிவிட்டான். ரீம் வெல்லத் தொடங்கியது. ஒரு மட்சில் அவன் கால்களை அகல விரித்து விழுந்து கால் நுனியால் பக்கைத் தடுத்தபோது, மனோகரி தன்னை அறியாமல் எழும்பி, "அப்பிடித்தான்டா ராசா!" என்று கத்தினாள். அரீனாவில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சில பொடியன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எத்தியேன் ஒவ்வொரு தடவை தடுக்கும்போதும் "அப்தித்தான்தா!" என்று வாங்கிலிருந்து சத்தம் வரும்.

"உமக்கென்ன விசரோ?" என்றாள் அவளுடைய கூட்டாளி சிசிலி, ஒரு பிறந்தநாள் வீட்டில். "ஞாயிறு ஞாயிறு போய் ஐஸ்பெட்டிக்குள்ள இருக்கிறீராம்."

"ஒருக்கா வந்து பாரும். அந்தப் பிள்ளை என்ன செய்யிறான் எண்டு எனக்கே இன்னும் முழுசா விளங்கேல்லை," என்றாள் மனோகரி. அவளுக்கு அது போதுமான காரணமாகவே பட்டது.

தை பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, நிர்மலன் வேலைக்கும் மேனுகா பள்ளிக்கும் போய்விட்டார்கள். எத்தியேன் வீட்டில் தனியே இருந்தான். கிழக்கே தூரத்து ஊர் ஒன்றில் மட்ச். பத்து மணிக்கு அரீனா வாசலிலிருந்து பஸ் வெளிக்கிடும். பிந்தி வருகிறவன் விளையாட முடியாது என்பது கோச்சின் சட்டம். அவன் பையைத் தோளில் போடும் நேரம் ரெலிபோன் அடித்தது.

எடுத்தான். இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண்குரல். "அக்கா? அக்கா?"

மனோகரி வேலைக்குப் போய்விட்டாள் என்று அவன் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னான். பிறகு அந்தக் குரல் தமிழில் எதையோ வேகமாகச் சொன்னது. அவனுக்கு விளங்கவில்லை என்று கண்டு, அதையே மறுபடி மெல்ல, சொல் சொல்லாகச் சொன்னது. அவனும் அந்தக் குரலோடு சேர்ந்து சொன்னான். தொடர்பு அறுந்தது.

அந்தச் சத்தங்களை ஒரு கடிதவுறையின் முதுகில் எழுதிப் பார்த்தான். பிரெஞ்சு எழுத்துக்குள் அவை அடங்கவில்லை. எழுதியதைத் திரும்ப வாசித்தால் வேறு ஏதோ வந்தது. கார்தெரியின் நம்பர் அவனுக்குத் தெரியாது, மனோகரியிடம் கைத்தொலைபேசி இல்லை. பஸ் ஏறி ஞாயிறு திரும்பி வருவதற்குள் வாயிலிருப்பது கரைந்து போய்விடும். பையை அங்கேயே போட்டுவிட்டு, கையுறைகூடப் போடாமல் பனிக்குள் ஓடினான்.

கார்தெரியில் பிள்ளைகளை வெளியே கொண்டுபோகப் பனி உடுப்புப் போட்டுவிடும் நேரம். மனோகரி ஒரு குட்டிக் காலைச் சப்பாத்துக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு எத்தியேன் வந்து நின்றான். தலையெல்லாம் பனி, மூச்சு வாங்கியது. உதடு மட்டும் விடாமல் அசைந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்:

"அக்கா. சுதா. மத்தக்கலப்பு வந்தித்தம். மூந்து பேரும் சுகம்."

மனோகரி பிடித்திருந்த குட்டிக் கால் கையிலிருந்து நழுவியது. சுதா. மட்டக்களப்புக்கு வந்திட்டம். வானொலியில் சொன்னதுபோல் காட்டுக்குள்ளால் நடந்து வந்து சேர்ந்துவிட்டார்கள். கடவுளே. ஆனால் மூன்று என்றானே. போனவர்கள் ஐந்து பேர். மூண்டு பேர் சுகம் என்றால் ஐந்தில் மூன்றுதான் மிச்சம். மூண்டு பேரும் சுகம் என்றால் பிள்ளைகள் மூவரும் சுகம். இடையில் இருப்பது ஒரேயொரு 'உம்'. அது சுதாவின் வாயிலிருந்து வந்ததா, இந்தப் பிள்ளையின் நாக்கு தானாகச் சேர்த்ததா?

அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "திரும்பச் சொல்லு."

"மூந்து பேரும் சுகம்."

"பேர் சுகமா? பேரும் சுகமா? நல்லா யோசி, முயல்குட்டி. அவசரமில்லை. பேர். பேரும்." அவள் தன் வாயைக் காட்டினாள், ஒன்றில் உதடு திறந்து நின்றது, மற்றதில் மூடியது. "எது?"

எத்தியேன் மறுபடி கண்ணை மூடினான். கோலுக்குள் நிற்கும்போது அவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சியது. யாரோ ஒரு கையுறையைக் கீழே போட்டார்கள்.

"இரண்டு தடவை சொன்னார்," என்றான். "இரண்டு தடவையும் அந்தச் சத்தம் உதட்டை மூடித்தான் முடிந்தது. ரும். எனக்கு நிச்சயம்."

மனோகரி பிள்ளைகளின் சின்னஞ்சிறு கதிரை ஒன்றில் தொப்பென்று இருந்தாள். ஒரு பெண்பிள்ளை தன் துணி யானையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணைத் துடைத்து நிமிர்ந்தபோது அவன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பஸ்!" என்று அலறினாள். அவன் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தான்.

திங்கட்கிழமை நிர்மலன் வேலையால் வந்து சொன்னான். "உங்கட பொடியன் நித்திரை கொண்டிட்டானாம். முழு ரீமும் பஸ்ஸுக்குள்ள காத்துக்கொண்டு இருந்ததாம். கோச் விளையாட விடேல்லை. லூக் சுகமாகி வந்திட்டான், அவன் வெண்டும் போட்டான். இனி லூக்தானாம்."

"நித்திரையோ? ஆர் சொன்னது?"

"அவன்தான் சொன்னவனாம்."

பொடியன் வீட்டில் வாய் திறக்கவில்லை. வழமைபோல் கோபுரம் கட்டி உடைத்துச் சாப்பிட்டான். செவ்வாய் பயிற்சி முடிகிற நேரம் மனோகரி அரீனாவுக்குப் போனாள். கோச்சின் பெயர் மார்செல்; நரைத்த மீசையும், சூயிங்கம் மெல்லும் தாடையும். அவள் தன் கார்தெரிப் பிரெஞ்சில் சண்டை, தங்கை, காடு, ரெலிபோன், 'உம்' எல்லாவற்றையும் சொல்லி முடிக்க நேரம் பிடித்தது. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"உங்கள் தங்கை இப்போது சுகமா?"

"பிள்ளைகள் சுகம். மற்றது இன்னும் தெரியாது."

"இவன் ஏன் எனக்குப் பொய் சொன்னான்?"

"அது எனக்கும் தெரியாது. கேட்கப் போகிறேன்."

"மதாம், சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். காரணம் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு விளையாட விட்டிருக்க மாட்டேன்."

"அது சரி," என்றாள் மனோகரி. "சட்டத்தை மாற்றக் கேட்கவில்லை. அவன் நித்திரை கொள்ளவில்லை. அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்."

அவர் தலையசைத்தார். ஆனாலும் லூக்தான் கோலுக்குள் நின்றான். எத்தியேன் கதவைத் திறந்து மூடினான்.

அந்தச் செவ்வாய் பின்னேரம் வாசல் பனியை இருவரும் வழித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"ரீமில் ஒருவருக்கும் நீங்கள் தங்கையைப் பற்றிச் சொன்னதில்லை. கத்தரினுக்குக்கூட. உண்மையான காரணத்தைச் சொன்னால் மிச்சத்தையும் கேட்பார்கள். அது என்னுடைய கதை இல்லையே. சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை."

மனோகரி பனியை அள்ளி ஓரமாகப் போட்டாள். பிறகு அவனே பேசினான்.

"நீங்கள் ஒன்று கேட்டீர்கள். பக் அந்தக் கோடியில் இருக்கும்போது என்று."

"ஓம்," என்றாள் தமிழிலேயே.

"முதலில் எல்லாம் நான் கோலுக்குள்ளேயே நிற்பேன். நின்றால் கால் விறைக்கும், கெட்ட யோசனை வரும். இப்போது கோலை விட்டு வெளியே வருவேன். பக் எவ்வளவு தூரம் போகிறதோ, நானும் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் போவேன். ஒரு பிரயோசனமும் இல்லை. அங்கே எதையும் தடுக்க என்னால் முடியாது. ஆனால் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று என் காலுக்குத் தெரியும்."

அவள் அதை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். அடுத்த நாள் மேனுகாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், மட்டக்களப்புக்கு அனுப்பப் பிள்ளைகளின் உடுப்பு வாங்கினாள். எந்த விலாசத்துக்கு அனுப்புவதென்று அவளுக்குத் தெரியாது. என்றாலும் வாங்கி, மடித்து, பெட்டியில் அடுக்கினாள்.

மாசியில் சுதாஜினி மறுபடி எடுத்தாள். இந்தமுறை மனோகரியே ஓடிப்போய் எடுத்தாள். பிள்ளைகள் மூவரும் முகாமில் சுகம். சுதாஜினியின் கணவருக்குத்தான் காலில் காயம், ஆஸ்பத்திரியில் இருந்து இப்போது எழும்பி நடக்கிறார். அழுகையெல்லாம் ஓய்ந்தபின் சுதாஜினி கேட்டாள்: "அண்டைக்கு ஆரக்கா எடுத்தது? தமிழ் தெரியாதெண்டு விளங்கினது. ஆனாலும் வைக்க மனம் வரேல்லை. நான் சொல்லச் சொல்ல அவரும் கூடவே சொன்னவர், பள்ளிக்கூடத்தில பாடம் சொல்லுற மாதிரி. பிறகு எனக்கு அழுகை நிண்டுபோச்சு."

"எங்கட வீட்டுப் பொடியன்," என்றாள் மனோகரி. வேறெப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பங்குனியில் இறுதிச் சுற்றுகள் தொடங்கின. முதல் சுற்றிலேயே லொங்குய்ய். ஐந்தில் மூன்று வெல்ல வேண்டும். முதல் இரண்டையும் பியர்பொன்ட்ஸ் தோற்றது. மூன்றாவது மட்சின் நடுவில் லூக் கோலுக்கு மேல் கோல் விட, மார்செல் வாங்கின் ஓரத்தைப் பார்த்துத் தலையை அசைத்தார். எத்தியேன் தொப்பியைக் கழற்றிவிட்டு முகமூடியைப் போட்டுக்கொண்டு போனான். அன்று வென்றார்கள். நாலாவதையும் வென்றார்கள். வாங்கிலிருந்து "அப்தித்தான்தா" முழங்கியது.

ஐந்தாவது மட்ச் ஞாயிறு பின்னேரம், பியர்பொன்ட்ஸில். அன்றைக்கு நிர்மலன்கூட இரண்டு ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு வந்தான். சிசிலியும் வந்தாள், தன் பங்குக்கு ஒரு போர்வையோடு. இரண்டுக்கு இரண்டு என்று நேரம் முடிந்து, முதலில் கோல் போடுகிறவர் வெல்லும் கூடுதல் நேரம் வந்தது. மனோகரி பக்கைப் பார்க்கவில்லை. பக் எதிர்க்கோடிக்குப் போனபோது எத்தியேன் கோலை விட்டு முன்னே வந்ததைப் பார்த்தாள். பக் திரும்பியதும் பின்வாங்கி, இரண்டு கம்பத்தையும் தட்டியதைப் பார்த்தாள். அவன் வலப்பக்கம் திரும்பினான். பிறகு சடாரென்று இடப்பக்கம். யாரோ ஒருவனின் சப்பாத்தில் பட்டுத் திசை மாறிய பக், விரித்த கைக்கும் உடம்புக்கும் இடையால் உள்ளே போய்விட்டது.

லொங்குய்ய் பொடியன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். எத்தியேன் முழங்காலில் இருந்தான். முதலில் போய் அவனைத் தூக்கிவிட்டவன் லூக்.

"அவ்வளவுதானோ?" என்றான் நிர்மலன் நம்பமாட்டாமல். "ஒரு கோல், முடிஞ்சுதோ? இது நீதியில்லை."

கைகுலுக்கல் முடிந்து மற்ற ரீம் போனபின், கத்தரின் பலகைக் கதவைத் திறந்துவிட்டாள். பருவத்தின் கடைசி நாள் என்றபடியால் வீட்டுக்காரர் எல்லாரும் பனித்தளத்தில் இறங்கலாம் என்றாள். தாய்மார் மெல்ல மெல்லக் கால் வைத்தார்கள். மனோகரி நிர்மலனின் முழங்கையைப் பிடித்து இறங்கினாள். பிறகு விட்டுவிட்டு, வழுக்கி வழுக்கி, எத்தியேன் நின்ற இடத்துக்குப் போனாள். முகமூடி கையில், முகம் சிவந்து, கண் ஈரமாக இருந்தான்.

"எங்கே நோகிறது என்று கேட்க மாட்டேன்," என்றாள்.

அவன் சிரிக்க முயன்றான். இதுதான் தன் கடைசிப் பருவம், ஜூனியருக்கான வயது முடிந்துவிட்டது என்றான். இலையுதிர்காலத்தில் ரிமூஸ்கியில் கப்பல் எஞ்சின் படிக்கப் போகிறானாம். இடம் கிடைத்துவிட்டதாம், ஒருவருக்கும் இன்னும் சொல்லவில்லையாம்.

"கப்பல் எஞ்சினா? அதற்குள் என்ன இருக்கும்?"

"நிறைய இருக்கும், மதாம் மனோ."

அவள் கோலின் வாயில் போய், அவன் நின்றதுபோல் எதிர்க்கோடியைப் பார்த்து நின்றாள். அந்தப் பக்கத்துக் கோல் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. வாங்கிலிருந்து பார்க்கும்போது கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்த பனி, காலடியில் வெட்டும் கீறலுமாய், உழுத வயல்போல் கிடந்தது.

"இதென்ன, இப்படிக் கொத்திக் கிடக்கிறது? இதில் எப்படி நின்றாய்?"

"நான்தான் கொத்தினேன். ஒவ்வொரு தடவையும் தொடங்க முதல் நானே ஸ்கேட்டால் கீறிவிடுவேன்."

"ஏன்?"

எத்தியேன் முகமூடியைக் கோலின் மேல் வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் குந்தி, விரலால் ஒரு கீறலைத் தொட்டு, வழுவழுப்பில் கால் நிற்காது, கீறலில்தான் பிடிக்கும் என்று சொல்லிக் காட்டத் தொடங்கினான். நிர்மலனும் மேனுகாவும் வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மனோகரியும் கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள்.